சீர்த் தட்டில் வைக்காத கருப்பு லேப்டாப்

"ஆபீஸ் வேலைக்குங்க" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து உடனே நம்பிவிடாதீர்கள்.

கடையை விட்டு ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் இந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. துடியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து காந்திபுரத்தில் லேப்டாப் விற்றவள் நான். கடைசி வருடங்களில் கேமிங் கவுன்ட்டர் என் பொறுப்பில் இருந்தது. அந்தக் கவுன்ட்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விளையாட என்று சொல்லவே மாட்டார்கள். அப்பா வந்தால் "பையன் படிப்புக்குங்க" என்பார். பக்கத்தில் நிற்கும் பையனின் கண் சிவப்பு விளக்கு எரியும் கீபோர்டை விட்டு நகராது. கோழிப்பண்ணை வைத்திருப்பவர் "கணக்கு பாக்கறதுக்குங்க" என்பார். கணக்குப் பார்க்க எதற்கய்யா தனி கிராஃபிக்ஸ் கார்டு என்று கேட்டால், "சும்மா, நல்லதா இருக்கட்டும்னுங்க" என்று நெளிவார்.

இப்படிச் சொல்வதைக் கேட்டு, நாமும் தலையை ஆட்டி, படிப்புக்கு ஏற்ற மெஷினைக் கட்டிக் கொடுத்தால், அடுத்த வாரம் அதே ஆள் வந்து நிற்பார். "படம் விட்டு விட்டு ஓடுதுங்க, ஏமாத்திப்போட்டீங்க" என்பார். ஏமாற்றியது யார் என்று நீங்கள் கேட்க முடியாது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசுவார்கள், கேட்க வேண்டியதை மட்டும் கேட்க மாட்டார்கள்.

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னைக் கேட்டது, குறைந்த விலையில் எந்தக் கார்டு நல்லது, எந்த மாடலைக் காட்டலாம் என்று. அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது, அடுத்த தீபாவளிக்குள் மாறியும்விடும். மாறாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்காக ஒரு கல்யாணப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தின கூட்டம். பட்டுச் சேலை எடுக்கக் கோயமுத்தூர் வந்த கையோடு மூன்று பேர் எங்கள் கடைக்குள் நுழைந்தார்கள். கல்யாணப் பெண், அவளுடைய அண்ணன், அவர்களுடைய அத்தை. அண்ணனுக்குச் சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கப்போவது மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில். அப்பா இல்லாத வீடு என்பதால் அப்பாவின் அக்காவான அத்தைதான் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்துகிறார். இதையெல்லாம் நான் துருவிக் கேட்கவில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் அத்தையே சொல்லிவிட்டார்.

"சீருக்கு ஒரு லேப்டாப்பு வேணுமுங்க அம்மணி. ராகு காலத்துக்கு முன்னால பில்லு போட்டுக் குடுத்துப்போடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார்.

"என்ன வேலைக்குங்க?" என்று கேட்டேன்.

அண்ணன் முந்திக்கொண்டு சொன்னார்: "ஆபீஸ் வேலைக்குங்க."

பெண் ஒரு மில்லில் வேலை பார்த்து, கல்யாணத்துக்காக அந்த வேலையை விட்டாகிவிட்டது என்று அத்தை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். விட்ட வேலைக்கு எந்த ஆபீஸ்? அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் விலைச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் வேலை என்றால் வரிசையின் அந்தக் கோடியில் மெலிதாக, வெள்ளி நிறத்தில் ஒரு மாடல் இருந்தது. அந்த மாதம் அதைத் தள்ளிவிடச் சொல்லி எங்களுக்கு மேலிருந்து உத்தரவும் இருந்தது. அத்தைக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. "லட்சணமா இருக்குது. குத்துவிளக்குக்குப் பக்கத்துல வெச்சா எடுப்பா இருக்கும்" என்று அதன் முதுகைத் தடவினார்.

பெண் வாயே திறக்கவில்லை. ஆனால் அவள் நின்றிருந்தது வெள்ளி மாடலுக்கு முன்னால் இல்லை. என் கவுன்ட்டரில், காட்சிக்குத் திறந்து வைத்திருந்த ஒரு தடித்த கருப்பு மெஷினுக்கு முன்னால். இடது கையை அதன் கீபோர்டில் வைத்திருந்தாள். ஆபீஸ் வேலை செய்கிறவர்கள் கை வைக்கிற இடம் அது இல்லை. டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு எழுத்துகள் இருக்கும் இடத்தில் விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்திருந்தன, கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில் தயாராக இருந்தது. விளையாட்டில் ஓடவும் குதிக்கவும் பழகின கை. அதோடு வலது கையைப் பக்கவாட்டில் கொண்டுபோய், சூட்டுக் காற்று எங்கே வெளியே வருகிறது என்றும் தடவிப் பார்த்தாள். இதைச் செய்கிற ஆளுக்கு மெஷின் எதற்கு என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கீபோர்டுக்கு உறை போடலாமா என்று பார்க்க வேண்டும், வா கண்ணு என்று சாக்குச் சொல்லி அவளைச் சர்வீஸ் பக்கம் கூட்டிப்போனேன்.

"என்ன விளையாடுவே?" என்றேன்.

திருட்டில் பிடிபட்ட மாதிரி விழித்தாள். அப்புறம் சொன்னாள். ஹாஸ்டலில் அறையில் ஒன்றாக இருந்த நான்கு பேர். படிப்பு முடிந்து ஆளுக்கு ஒரு திசையில் போய்விட்டாலும், சாயங்காலம் ஆனால் நான்கு பேரும் ஒரே அணியாக ஆன்லைனில் விளையாடுவார்கள். அவள் இதுவரை விளையாடியது அண்ணன் கடையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில். அதைப் புகுந்த வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாது.

"விளையாடறப்ப மட்டுந்தானுங்கக்கா நாங்க மனசு விட்டுப் பேசிக்கறோம். அப்பறம்..." என்று நிறுத்தினாள். "நான் நல்லா விளையாடுவேனுங்க. எனக்கு நல்லா வர்றது அது ஒண்ணுதானுங்க."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. அண்ணந்தான் ஆபீஸ் வேலைன்னு சொல்லிக்கலாம்னாங்க. கல்யாணப் பொண்ணு கேம் வெளையாடுதுன்னா அத்தை என்ன நெனப்பாங்க, மாப்பிள்ளை ஊட்டுல என்ன நெனப்பாங்கன்னு..."

எனக்கு யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. தங்கைக்கு ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுக்க அண்ணன் தயார். அத்தை கையில் பணத்தோடு உட்கார்ந்திருக்கிறார். சரியான மெஷின் கண்ணெதிரே இருக்கிறது, விலையும் அவர்கள் சொன்ன அளவுக்குள் அடங்குகிறது. ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்து, மூன்று பேரும் சேர்ந்து தப்பான லேப்டாப்பை வாங்கப் போகிறார்கள்.

சரி, காரணம் சொல்லாமலே வேலையை முடிக்கலாம் என்று கருப்பு மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் அத்தை முன்னால் வைத்தேன். "இது உழைக்குமுங்க, சூடு தாங்கும், பின்னால ரேம் போட்டுக்கலாம்" என்று ஆரம்பித்தேன்.

அத்தை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஏனுங்க அம்மணி, சீர்த் தட்டுல மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் நடுவுல கருப்பு வெக்கறதுங்களா? ஒறம்பரை, சொந்தபந்தம் முன்னால எப்படிங்க தூக்கிட்டுப் போறது?"

இந்த இடத்தில் நான் நம் தொழிலையே திட்டினேன். குறைந்த விலையில் விளையாட்டு லேப்டாப் செய்கிறவர்கள் எல்லோரும் ஏன் ஒன்று சேர்ந்து கருப்பிலேயே செய்கிறார்கள்? வெள்ளையில் வருவதன் விலை எங்கோ போய்விடுகிறது. எங்கள் நாட்டில் இது தட்டில் ஏறும் பொருள் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

"மேல தங்கக் கலர்ல ஸ்டிக்கர் ஒட்டித் தர்றேனுங்க" என்றேன்.

"உள்ள கருப்புதானுங்களே" என்றார் அத்தை.

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே கார் டிரைவர் ஹாரன் அடித்தான். அப்போதுதான் அந்தப் பெண் வெள்ளி மாடலைத் தொட்டு, "இதே போதுமுங்க அத்தை" என்றாள்.

இந்த நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். வாடிக்கையாளரே போதும் என்றுவிட்டார். பணம் கொடுப்பவருக்கும் பிடித்திருக்கிறது. தள்ளிவிடச் சொன்ன சரக்கும் தள்ளிவிடப்படுகிறது. உங்களில் யாராக இருந்தாலும் பில் போட்டிருப்பீர்கள். நல்ல விற்பனை என்று சாயங்காலம் பாராட்டும் வந்திருக்கும். ஆனால் அவள் 'போதும்' என்றபோது கருப்பு மெஷின் மேல் இருந்த மறு கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு என்னால் பில் போட முடியவில்லை.

"இத பில் போட மாட்டேனுங்க" என்றேன்.

அண்ணன் திடுக்கிட்டார். "ஏனுங்க? ஆபீஸ் வேலைக்கு ஆகாதுங்களா?"

"ஆபீஸ் வேலைக்கு ஆகுமுங்க. இந்தப் பொண்ணுக்கு ஆகாதுங்க."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படி என்ன வேலைங்க இவ செய்யப்போறா?"

பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் என் எரிச்சல் தீர்ந்திருக்கும். ஆனால் அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. நான் போட்டு உடைத்தால் அவள் திருட்டுத்தனம் செய்தவள் ஆகிவிடுவாள், அவளே சொன்னால் ஆசைப்பட்டதைக் கேட்டவள் ஆவாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எனக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்று தெரியும்.

அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். வேறு கடைக்குப் போய்விடுவார்கள், அந்தக் கடைக்காரன் சிரித்த முகத்தோடு வெள்ளி மாடலைக் கட்டிக் கொடுப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"வெளையாடறதுக்குங்க அத்தை" என்றாள் பெண்.

"என்னது கண்ணு?"

"கம்ப்யூட்டர்ல வெளையாடறதுக்குங்க. என்ற சிநேகிதிக கூட. தெனமும் சாயங்காலம் வெளையாடுவோமுங்க. அங்க போனதுக்கப்பறமும் வெளையாடோணுமுங்க. அந்தக் கருப்புலதான் அது ஓடுமுங்க, இதுல ஓடாதுங்க." மூச்சு விடாமல் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அத்தை அண்ணன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க அத்தை."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்னையத் தட்டுக்குக் கலர் பாக்க உட்டயாக்கு?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். அத்தை மறுபடி உட்கார்ந்தார். அந்தக் கருப்பு மெஷினைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நான் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன், அந்தப் பெண்ணும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"என்ற சீர்ல ஒரு தையல் மிஷின் வந்துது" என்றார் அத்தை. "நான் தைப்பேன்னு எங்கப்பா ஆசையா வாங்கித் தட்டுக்குப் பக்கத்துல வெச்சாங்க. ஊரே பாத்துது. ஊட்டுக்குள்ள போனதும் என்ற நாத்தனாதான் ஓட்டுனா. நான் ஒரு நாளும் தொடுல. தட்டுல வெச்சுக் குடுக்கறது அந்த ஊட்டுச் சாமான் கண்ணு. கையில கொண்டுபோறதுதான் உன்ற சாமான்."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது தட்டுக்கு வேண்டாமுங்க. துணிப்பையில போட்டு அவ கையில குடுத்துருங்க. தட்டுக்கு இன்னொரு வெளக்கு வாங்கிக்கறோம்."

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சுங்க அத்தை" என்றார் அண்ணன் மெதுவாக.

"சீர்ச் சாமானுக்குத்தான் நேரங்காலம். இதுக்கு எதுக்கு?" என்றவர், தம்பி மகளைப் போல என்னையும் ஒரு அதட்டு அதட்டினார். "நீங்களாச்சும் மொதல்லயே கேட்டிருக்கலாமுல்லங்க, அம்மணி?"

நான் கேட்டேன். ஆபீஸ் வேலைக்கு என்று பதில் வந்தது. ஆனால் அந்த அம்மாளிடம் எதிர்வாதம் செய்யும் தைரியம் எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான விற்பனை. அந்தப் பெண் வாய் திறந்ததும் கேள்வி மேல் கேள்வி வந்தது. கிராஃபிக்ஸ் கார்டுக்குத்தான் பணம் போக வேண்டும், மற்றதை மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவளே சொன்னாள். வண்ண விளக்கு வேண்டாம், விசிறி நல்லதாக இருந்தால் போதும் என்றாள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெரிய பெரிய எண்களை அவள் பார்க்கவே இல்லை. உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று. எங்கள் சர்வீஸில் பழுது பார்க்கும் ஒரு அண்ணன் இருந்தார். பழுதாகி வரும் லேப்டாப்புகளின் வயிற்றிலிருந்து எடுப்பதையெல்லாம் ஒரு காலி ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு வைப்பார். காய்ந்த சந்தனம், எறும்பு, நூல், பஞ்சு. தப்பான மெஷினை விற்றுவிட்டோமென்றால் எதுவும் பேசாமல் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து நம் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போவார். விலையைக் கேட்பதற்கு முன்னால் எங்கே வைத்து ஓட்டுவீர்கள் என்று கேட்க வேண்டும் என்பது அவரிடமிருந்து நான் படித்தது.

"எங்க வெச்சு வெளையாடுவே?" என்று கேட்டேன்.

"கட்டில்லதானுங்க. வேற எங்க எடம் இருக்கப்போகுது?"

"பெட்ஷீட் மேல வெக்காதே. காத்து அடைஞ்சு வெந்து போயிரும். ஒரு பலகை வாங்கிக்க." சென்னிமலைக்காரர் வீட்டுப் பெண்ணிடம் பெட்ஷீட்டைக் குறை சொல்கிறேனே என்று அவளுடைய அண்ணன் முகம் கொஞ்சம் சுருங்கியது. பரவாயில்லை.

துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் காரில் ஏறினதை நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எரிச்சலும் இருந்தது. இவ்வளவுக்கும் தேவைப்பட்டது ஒரே ஒரு வார்த்தை.

அடுத்த கோடை வந்தது. ஒரு நாள் சர்வீஸ் அண்ணன் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே புதிதாக நீலமும் சிவப்புமாக ஒரு உருண்டைப் பஞ்சு. "பெட்ஷீட்டு" என்றார். எட்டிப் பார்த்தேன். அதே கருப்பு மெஷின் அவர் மேஜையில் வயிறு திறந்து கிடந்தது. எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் அவ்வளவு பஞ்சு சேர வேண்டுமென்றால் தினமும் ஓடியிருக்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் மனது குளிர்ந்தது.

மெஷினைக் கொண்டுவந்தது அவள் இல்லை. ஒரு இளைஞர். வெள்ளைச் சட்டை, கையில் மண்டிக்காரர்களுக்கே உரிய பழுப்புப் பாக்குக் கறை. சுத்தம் செய்து முடிக்கும் வரை காத்திருக்கச் சொன்னதும், மெல்ல நடந்து என் கவுன்ட்டருக்கு வந்தார். கொஞ்ச நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"ஆபீஸ் வேலைக்கு ஒண்ணு பாக்கோணுமுங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பாக்கு மண்டியில என்னங்க ஆபீஸ் வேலை?" என்றேன்.

அவர் முன்னும் பின்னும் பார்த்தார். தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். "வெளையாடறதுக்குங்க" என்றார். குரல் பாதாளத்தில் இருந்தது.

"அங்க சர்வீஸ்ல இருக்கறது உங்க வீட்டம்மாவோடதுதானுங்களே? அதுலயே வெளையாடிக்கலாமுல்ல?"

"அதுல எங்க ஊட்டு அம்மணி வெளையாடறப்ப நான் கூட வெளையாட முடியாதுங்களே" என்றார். "அவங்க அணியில நாலு பேருங்க. ஒருத்தங்களுக்குக் கொழந்தை பொறந்திருக்குது, வர முடியறதில்லீங்க. மூணு பேராவே வெளையாடித் தோத்துட்டு இருக்கறாங்க. சாயங்காலமானா மொகமே சரியில்லீங்க. அதான் நான் கத்துக்கலாம்னு..."

"அவங்ககிட்டச் சொல்லியாச்சுங்களா?"

"இல்லீங்க. மண்டியில வெச்சுக் கொஞ்சம் பழகிப்போட்டு அப்பறம் சொல்லலாம்னுங்க. இப்பவே போனா என்னால இன்னும் தோத்துப் போவாங்க."

திட்டுவதற்காகத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். அந்தக் குடும்பத்தில் எனக்கு இது இரண்டாவது தடவை. அவள் வாங்கின மாடல் அப்போது வருவதில்லை. அதே விலைக்கு அடுத்ததை எடுத்து வைத்து, எங்கே வைத்து ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். மண்டி மேஜையில் என்றார். அதுவரைக்கும் சரி. பழைய பயத்தில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

"இது கருப்புலதானுங்க இருக்குது."

"கருப்பா இருந்தா என்னங்க?" என்றார் அவர். "கையிலதானுங்களே கொண்டுபோறேன்."

நான் பில் போட்டேன்.